நெப்போலியன் அனுப்பிய கப்பல் திரும்பிப்போன இரவு... சுத்துக்கேணி எல்லைக்கோட்டின் கதை!

வில்லியனூரைத் தாண்டி மேற்கே, சுத்துக்கேணிப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வண்டியை விட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் கடைப் பலகையில் 'புதுச்சேரி' என்று எழுதியிருக்கும். கொஞ்ச தூரம் போனால் 'விழுப்புரம் மாவட்டம்'. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி.

இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே பேச்சு. பெண் கொடுத்து, பெண் எடுத்த சொந்தங்கள். ஆனால் ரேஷன் கார்டு வேறு, பெட்ரோல் விலை வேறு, ஓட்டுப் போடும் சட்டமன்றம் வேறு.

"யாருங்க இதை இப்படித் துண்டு துண்டா வெட்டி வெச்சது?" முதல்முறை வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை.

பதில், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாரிஸில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி, திப்பு சுல்தான், நெப்போலியன், வாட்டர்லூ என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம் இந்த எல்லைக்கோட்டோடு சம்பந்தப்பட்டவை.

சண்டைக்குக் காரணமான இரண்டு ஊர்கள்

கடற்கரையில் ஒரு கோட்டையும் அதைச் சுற்றிச் சில ஊர்களும். தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி அவ்வளவுதான். ஆனால், கோட்டைக்குள் இருப்பவர்களுக்கும் சோறு வேண்டுமே... அந்த நெல் விளைந்தது வில்லியனூரிலும் பாகூரிலும். 1749-ல் ஆற்காட்டு நவாப் பதவியைப் பிடிக்க உதவியதற்குக் கைம்மாறாக, சந்தா சாகிப் இந்த இரண்டு பகுதிகளையும் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் கொடுத்தார். அவற்றின் வரி வருமானமும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது.

ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1752-ல் பாகூரில் நடந்த சண்டையில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. 1778-ல் மறுபடியும் பறிபோனது.

பிறகு 1783-ல் வெர்சாய் உடன்படிக்கை. புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு, வில்லியனூர், பாகூர் இரண்டையும் அதோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அதில் பெயர் சொல்லியே எழுதினார்கள். நம் ஊர்ப் பெயர்கள் ஐரோப்பிய ராஜாக்களின் ஒப்பந்தத்தில் ஏறியது அப்படித்தான். ஊர் உண்மையில் கைக்கு வந்தது 1785-ல்.

புரட்சி வந்தது... யாருக்கு?

1789 ஜூலை 14. பாரிஸில் பாஸ்டில் சிறை உடைந்தது. ரேடியோவோ தந்தியோ இல்லாத காலம். சேதி கப்பலேறி புதுச்சேரிக்கு வர 1790 ஆகிவிட்டது. வந்ததும் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். தங்களுக்கென்று ஒரு குடிமக்கள் சபை அமைத்தார்கள். பாரிஸ் சபைக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் லூயி மொனெரோன்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் பேசினார்கள். ஆனால், அந்தச் சபையில் தமிழர்களுக்கு நாற்காலி இல்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் வரி கட்டிய குடியானவர்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்த நாள்களின் புதுச்சேரியைத் தமிழில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு இன்று அச்சில் கிடைக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை அளவுக்குப் புகழ் பெறாத இந்த நாட்குறிப்பு, புதுச்சேரி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று.

23 நாள்களில் விழுந்த ஊர்

புரட்சி அரசு 1793 பிப்ரவரி 1-ம் தேதி இங்கிலாந்து மீது போர் அறிவித்தது. புதுச்சேரிக்கோ அது மிக மோசமான நேரம். புரட்சிச் சேதி இங்கே வருவதற்கு முன்பே, பாரிஸின் உத்தரவுப்படி இங்கிருந்த படையின் பெரும்பகுதியை மொரீஷியஸ் தீவுக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆகஸ்ட் மாதம் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை ஊரை வளைத்தது. கடல் வழியை ஆங்கிலப் போர்க்கப்பல் மறித்தது. ஆகஸ்ட் 23-ல் புதுச்சேரி சரணடைந்தது. பாரிஸில் குடியரசு நடந்துகொண்டிருக்க, புதுச்சேரியில் கம்பெனிக் கொடி பறந்தது. அது இறங்க 23 ஆண்டுகள் ஆயின.

திப்புவுக்கு ஒரு கடிதம்

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தியாவில் இருந்த பெரிய நம்பிக்கை திப்பு சுல்தான். பிரெஞ்சு ராஜாவைப் பார்க்க 1787-ல் திப்புவின் தூதர்கள் கப்பலேறியதே புதுச்சேரியிலிருந்துதான்.

1798-ல் எகிப்தில் இறங்கிய நெப்போலியன், அடுத்த ஜனவரியில் அங்கிருந்து திப்புவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போர்க்களத்தில் உயிரைவிட்டார்.

திப்புவை எதிர்த்த படையில் ஓர் இளம் கர்னல் இருந்தார். பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்திய வெலிங்டன் பிரபு இவரேதான். அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லி, இவருடைய அண்ணன்!

1803, ஜூலை

1802-ல் அமியான் நகரில் சமாதானம் கையெழுத்தானது. அதன்படி புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்ப வேண்டும். அதைப் பெற்றுக்கொள்ள ஜெனரல் டெக்கான் என்பவரை அனுப்பினார் நெப்போலியன். ஆங்கிலேயரின் நடவடிக்கைகளைக் கவனிப்பதும், அவர்கள்மீது கோபத்தில் இருக்கும் இந்திய அரசர்களை நாடி பிடித்துப் பார்ப்பதும் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகள்.

ஜூனில் முன்னால் வந்த கப்பலுக்கே ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்கவில்லை. அண்ணன் வெல்லஸ்லிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஜூலை 11-ம் தேதி அட்மிரல் லினுவாவின் கப்பல்களோடு டெக்கான் வந்து சேர்ந்தபோது, ஆங்கிலக் கடற்படையும் பக்கத்திலேயே நின்றது. ஐரோப்பாவில் மே மாதமே போர் மறுபடி மூண்டுவிட்டது. அந்தச் செய்தி இங்கே இன்னும் வந்து சேரவில்லை. பின்னாலேயே வந்த ஒரு சிறு கப்பல், மொரீஷியஸுக்குப் போகச் சொல்லும் உத்தரவைக் கொண்டுவந்தது.

இரவோடு இரவாக நங்கூரத்தை விட்டுவிட்டுக் கிளம்பியது கப்பற்படை. விடிந்தபோது கடல் காலி. டெக்கான் 1810 வரை மொரீஷியஸை ஆண்டார். புதுச்சேரியை ஆளவே இல்லை.

கோடு விழுந்தது இப்படித்தான்

நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 1814-ல் பாரிஸ் உடன்படிக்கை. 1792 ஜனவரி 1-ம் தேதி இந்தியாவில் பிரான்ஸிடம் என்னென்ன இருந்தனவோ அவற்றைத் திருப்பித் தருவது. ஆனால் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான வீரர்கள் மட்டுமே இருக்கலாம் என்பது நிபந்தனை. 1816 டிசம்பரில் புதுச்சேரி கைமாறியது.

சிக்கல் இங்கேதான். நவாபுகள் காலத்து தானங்கள் ஊர் ஊராகக் கொடுக்கப்பட்டவை. நடுவில் இருந்த பல ஊர்கள் நவாபிடமே இருந்தன. நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதையும் 1801-ல் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆக, ஒரு காலத்தில் வரிக்கணக்கில் மட்டும் இருந்த வித்தியாசம், இப்போது இரண்டு நாடுகளின் எல்லையாகிவிட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் பிரான்ஸ், அந்தப் பக்கம் இங்கிலாந்து!

தண்ணீருக்கு ஏது எல்லை? சுத்துக்கேணியில் சங்கராபரணி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஊசுடு ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. அந்த ஏரியில் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. ஒரே ஏரியைப் பறவைகள் சரணாலயமாகப் புதுச்சேரி 2008-லும் தமிழ்நாடு 2014-லும் தனித்தனியாக அறிவித்தன.

சுத்துக்கேணி இதற்கெல்லாம் மிக மூத்த ஊர். இங்கே பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பிரெஞ்சு ஆய்வாளர்களே தோண்டியெடுத்து, 1956-ல் நூலாக வெளியிட்டார்கள். பாரிஸின் சண்டைகளுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு மனிதர்கள் வாழ்ந்து, தங்கள் முன்னோரைப் புதைத்திருக்கிறார்கள்.

கேட்டது ஒரு முறை

1761, 1765, 1778, 1785, 1793, 1816. இந்த ஊர்கள் ஆறு முறை கைமாறின. "நீங்கள் யாரோடு இருக்க விரும்புகிறீர்கள்?" என்று ஒரு முறைகூட யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி 1954 அக்டோபர் 18 அன்று எழுந்தது. பெரிய மாளிகையில் அல்ல. வில்லியனூருக்கு அடுத்துள்ள கீழூர் என்ற கிராமத்தில். ஓட்டுப் போட வந்த மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முழுமையடைந்தது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால், 1816-ல் விழுந்த கோடு அப்படியே இருக்கிறது. அடுத்த முறை சுத்துக்கேணிப் பக்கம் போகும்போது பலகை மாறுவதைக் கவனியுங்கள். நெப்போலியன் தோற்றதன் தடம் அந்த வரப்பில்தான் இருக்கிறது.