குழாய்த் துண்டில் ஒரு குழல்: செய்கிற கையும் ஊதுகிற வாயும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கவிதையைப் பேசுவோம், தன்வரலாற்றைப் பேசுவோம், போராட்ட வரலாற்றைப் பேசுவோம். இந்த ஆண்டு மேசைமேல் ஒரு வெள்ளைக் குழாய்த் துண்டை வைத்திருக்கிறோம். வீட்டுக்குத் தண்ணீர் லைன் இழுத்தபோது மீந்த அரை இஞ்ச் யுபிவிசி குழாய். இதில் புல்லாங்குழல் செய்வது எப்படி, ஊதுவது எப்படி என்பதைத்தான் விளக்கப் போகிறோம். நாம் நினைவுகூரும் தோழர் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் முன்னால் வாழ்நாளைக் கழித்தவர். ஒன்றரை ஷிப்ட் முடித்த வாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து இப்படித்தான் குழல் அறுத்துக் கொடுத்தார். துணிக்கு எடுக்கிற அதே இஞ்ச் டேப்தான் அவர் கையில் இருந்தது.

இலக்கிய அரங்கில் இது எதற்கு என்று கேட்கலாம். கருவியைச் செய்கிறவரை ஒரு பக்கமும் அதை வாசித்துப் பேர் வாங்குகிறவரை இன்னொரு பக்கமும் நிறுத்தியதில் சாதிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பிரிவினை எப்படி வந்தது, நம் கையால் அதை எந்த அளவுக்கு அழிக்க முடியும் என்று பார்க்க இந்தக் குழாய்த் துண்டு போதும்.

செய்தவரும் வாசித்தவரும்

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இரு முகங்களும் தோல். மாட்டுத்தோலைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்து, வார் இழுத்து, சுருதி நிற்கும்படி மூட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சபா மேடையில் உட்கார்ந்து வாசித்தவர்கள் பெரும்பாலும் பார்ப்பனர்கள். செய்தவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக 2020இல் எழுதினார். அதன் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் விழா நடந்தது. தோலின் நாதம் வேண்டும், தோலைத் தொட்டவரின் பேச்சு மேடைக்கு வேண்டாம் என்கிற பழைய ஏற்பாடு 2020இலும் உயிரோடு இருந்தது.

புல்லாங்குழலின் கதை கொஞ்சம் வேறு. பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கிறவன் தீக்கடைகோலால் சுட்டுத் துளையிட்ட குழலைத் தானே ஊதுகிறான். செய்கிறவனும் ஊதுகிறவனும் அங்கே ஒரே ஆள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) அதைக் கச்சேரியின் தனிக் கருவியாக்கினார். அவருடைய சீடர் சஞ்சீவ ராவ் பிறந்தது 1882இல், நம் பக்கத்து ஊரான பல்லடத்தில். இருவரும் மாபெரும் கலைஞர்கள். அதில் நமக்கு வழக்கில்லை. குழல் மேடை ஏறியபோது மேய்ப்பன் கீழேயே நின்றுவிட்டான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருளுக்கும் ஒரு வரிசை

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழல் செய்யும் முறையை விரிவாகச் சொல்கிறார். நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல். ஒரு விரலை ஏறக்குறைய 2 செ.மீ. என்று கொண்டால் 40 செ.மீ. நீளம். நாம் இன்று செய்யப்போகும் குழலும் ஏறக்குறைய அதே அளவுதான். அளவைக் குறித்து வைத்த அந்த உரைகாரருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதே இடத்தில் அவர் ஐந்து பொருள்களைச் சொல்லித் தரம் பிரிக்கிறார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், சந்தனம், செங்காலி, கருங்காலி முதலிய மற்றவை அதமம். உத்தமம், மத்திமம், அதமம் என்ற சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. மனிதரை அடுக்கிப் பழகிய சமூகம் மரத்தையும் உலோகத்தையும் அதே சொற்களால் அடுக்குகிறது. பிளாஸ்டிக் குழாயை அந்தப் பட்டியலில் எங்கே வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் உள்ளளவு ஒன்றாக இருக்கும்படி மூன்று குழல்கள் செய்தார். மூன்றுக்கும் ஊதுகிற தலைப்பகுதி ஒரே மாதிரியான பிளாஸ்டிக். திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்தபோது எது எந்தக் குழல் என்று கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எடையும் தொடுவுணர்வும் தெரியாதபடி கொடுத்தபோது வாசித்தவர்களாலும் முடியவில்லை. ஆய்வு வெளிவந்த ஆண்டு 1971. உள்விட்டம், துளையின் அளவு, விளிம்பின் கூர்மை, உட்சுவரின் வழுவழுப்பு ஆகியவைதான் ஒலியை மாற்றுகின்றன. குழலுக்குள் அதிர்வது காற்று. சுவர் அதற்கு வேலி மட்டும்.

காற்றின் கணக்கு

இரு முனையும் திறந்த குழாயில் அடிப்படைச் சுரத்தின் அலைநீளத்தில் பாதி அடங்கும். 30 டிகிரி வெயிலில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். நமக்கு வேண்டியது 5 கட்டை, அதாவது நொடிக்கு 392 அதிர்வு. 349ஐ 392ஆல் வகுத்துப் பாதியாக்கினால் 44.5 செ.மீ. வரும். ஆனால் அதிர்கிற காற்று குழாயோடு நிற்காமல் இரு பக்கமும் சற்று வெளியே நீளும். திறந்த முனையில் அரை செ.மீ., வாய்த்துளைப் பக்கம் நாலரை செ.மீ. அளவில் கழிக்க வேண்டும். மிச்சம் 39.5 செ.மீ. வாய்த்துளையின் மையத்திலிருந்து திறந்த முனை வரைக்குமான நீளம் இது.

பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு. பரம்பரைச் சொத்தைப் போலப் பொத்தி வைக்கப்பட்ட அளவுகளில் பலவும் இப்படிப்பட்டவைதான்.

செய்முறை

முதலில் குழாய். குடிநீருக்கென்று விற்கும் புதிய யுபிவிசி குழாயையே வாங்குங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 16 மி.மீ. இருக்கட்டும். பிவிசி குழாய்களில் ஈயச் சேர்மம் கலப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2021இல்தான் ஒன்றிய அரசு அதைக் கட்டுப்படுத்தி விதி கொண்டுவந்தது. வாயில் வைக்கப்போகும் பொருள் என்பதால் பழைய குழாய் வேண்டாம். சாயப்பட்டறையிலோ சாக்கடை லைனிலோ கிடந்த குழாயைக் கழுவி எடுத்தாலும் வேண்டாம். நொய்யலில் ஓடியது என்னவென்று நமக்குத் தெரியும்.

18 இஞ்ச் நீளத்துக்கு ஆக்ஸா பிளேடால் நேராக அறுத்து, முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். இடது முனையிலிருந்து 4 செ.மீ. தள்ளி வாய்த்துளைக்கு மார்க் போடுங்கள். டிரில்லிங் மிஷினில் 9 மி.மீ. துளை போட்டு, சின்ன அரத்தால் 10க்கு 12 மி.மீ. முட்டை வடிவமாக்குங்கள். காற்று மோதப்போகும் எதிர் விளிம்பு பிசிறில்லாமல் கூர்மையாக இருக்க வேண்டும். ஒலியின் பாதி உயிர் அந்த விளிம்பில் இருக்கிறது.

மூங்கிலுக்குச் செய்வதுபோல் இரும்பைக் காய்ச்சிச் சுடக் கூடாது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அது கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும். டிரில் போடும்போதும் தேய்க்கும்போதும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

இடது முனையை அடைக்க ஒரு மரக்கட்டைத் துண்டில் பனியன் வேஸ்ட்டை இறுக்கிச் சுற்றி, மெழுகில் முக்கி உள்ளே தள்ளுங்கள். அடைப்பின் உள்முகம் வாய்த்துளையின் மையத்திலிருந்து 1.7 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். காற்று கசிந்தால் குழல் பேசாது.

விரல் துளை போடும் முன்பு வெறும் குழாயை ஊதுங்கள். சுருதி காட்டும் செயலி எல்லாக் கைபேசியிலும் கிடைக்கிறது. முதலில் 392க்குக் கீழே காட்டும். வலது முனையை மில்லி மில்லியாக அறுத்து 392க்குக் கொண்டுவாருங்கள். கூடுதலாக அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது; துணி வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆறு துளைகள். வாய்த்துளையின் மையத்திலிருந்து 33, 28.7, 26.7, 23.1, 20, 16.9 செ.மீ. தூரங்களில் மார்க் போடுங்கள். திறந்த முனைக்கு அருகிலுள்ள 33இல் தொடங்கி ஒவ்வொன்றாக 5 மி.மீ. துளை மட்டும் போடுங்கள். துளை சிறிதாக இருந்தால் சுரம் தாழ்ந்து ஒலிக்கும், பெரிதாக்கினால் ஏறும். அரத்தால் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி முறையே 440, 494, 523, 587, 659, 740 அதிர்வுக்கு ஏற்றுங்கள். பெரும்பாலான துளைகள் 8 அல்லது 9 மி.மீ. அளவில் வந்து நிற்கும். 26.7இல் உள்ள மூன்றாம் துளை மட்டும் 6, 7 மி.மீ. அளவில் சிறியதாக இருக்கும். ஒரு துளையைச் சரிசெய்து முடிக்காமல் அடுத்த துளைக்குப் போகாதீர்கள்.

ஊதும் முறை

வெறும் சோடா பாட்டில் வாயில் ஊதி ஓசை எழுப்பியவர்களுக்குப் பாதி வித்தை தெரியும். கீழுதடு வாய்த்துளையில் மூன்றில் ஒரு பங்கை மூடட்டும். உதடுகளை மெல்ல இழுத்து, நடுவில் ஒரு நெல் போகும் இடைவெளி விட்டு, எதிர் விளிம்பைப் பார்த்துக் காற்றை அனுப்புங்கள். குழலைச் சற்றே உருட்டிப் பார்த்தால் ஓசை பிடிபடும் இடம் கிடைக்கும். முதல் நாளில் தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். தேவைக்கு மேல் ஊதுகிறீர்கள் என்று பொருள். பஞ்சுத் தூசியில் வேலை செய்து மூச்சு வாங்குகிறவர்கள் வலிந்து ஊத வேண்டாம். நல்ல குழலுக்கு வேண்டிய காற்று கொஞ்சம்தான்.

ஆறையும் மூடினால் சட்ஜம். கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வரும். உதட்டு இடைவெளியைக் குறுக்கி, காற்றின் வேகத்தைக் கூட்டி ஊதினால் மேல்ஸ்தாயி. வாய்க்கு அருகிலுள்ள இரண்டை மட்டும் மூடி அதைச் சட்ஜமாகக் கொண்டால் அரிகாம்போதி. மூன்றை மூடித் தொடங்கினால் கல்யாணி. குழாய் ஒன்றுதான், தொடங்கும் இடம் மாறினால் ராகம் மாறுகிறது. நம் பிள்ளைகள் சினிமாப் பாட்டில் தொடங்கட்டும், ஒப்பாரி மெட்டில் தொடங்கட்டும். தடை சொல்ல வேண்டாம்.

எச்சில் பற்றி ஒரு சொல்

எங்கள் மாலை வகுப்பில் ஒரு குழலைக் கைமாற்றி ஊதிப் பார்க்கச் சொன்ன நாளில் ஒரு சிறுவன் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். எச்சில் என்றான். இரட்டைக் குவளை பார்த்த கொங்கு மண்ணில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சளிக்கிருமி பரவும் என்பது ஒரு பொருள். அது உண்மை, அதற்குச் சோப்பும் தண்ணீரும் போதும். இன்னாருடைய எச்சில் என்பது இரண்டாவது. அதைக் கழுவுவதற்குச் சோப்பு கிடையாது. அவன் எதை நினைத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் எல்லோரும் தத்தமக்கு ஒரு குழல் செய்தார்கள். ஒரே அளவில் அறுத்த குழல்களைச் சேர்த்து ஊதியபோது எது யாருடைய குழலின் ஒலி என்று அங்கே இருந்த ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சிறுவனும் ஊதிக்கொண்டிருந்தான்.

பறையோடு குழல்

பறையை விட்டுவிட்டுக் குழலுக்கு வாருங்கள் என்கிறோமா? இல்லை. சாவுக்குக் கட்டாயமாகப் பறையடிக்க மறுத்தது நம் போராட்டம். அதே பறையை நம் விருப்பத்தோடு மேடையேற்றியதும் நம் போராட்டம். எதை வாசிப்பது என்பதை ஊர் தீர்மானிக்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. பறையடிக்கத் தெரிந்த பிள்ளை குழல் ஊதுவதும் அந்த உரிமைக்குள் வரும்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஓதர் டர்னர் என்ற கறுப்பின விவசாயி இருந்தார். நாணல் தண்டை வெட்டி, காய்ச்சிய இரும்பால் துளையிட்டு, தானே ஊதினார். உடன் முழங்கியவை பறைகள். அடிமை முறையிலிருந்து மீண்டவர்களின் வழிவந்த அந்தக் குழல்-பறை இசையை 2003இல் இறக்கும் வரை அவர் விடவில்லை. முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது 90. பராகுவே நாட்டின் கத்தேயூரா குப்பைமேட்டை ஒட்டி வாழும் பிள்ளைகளுக்காக, அங்கே கிடைத்த தகரத்திலும் தண்ணீர்க் குழாயிலும் வயலினும் குழலும் செய்து ஃபாவியோ சாவேஸ் என்ற ஆசிரியர் ஓர் இசைக்குழுவையே உருவாக்கினார். அது பல நாட்டு மேடைகளில் வாசித்திருக்கிறது.

நமக்கு இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. தைக்கிறவர் போட முடியாத விலைக்குச் சட்டை ஏற்றுமதியாகும் ஊர் இது. செய்கிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் இன்னொருவர் என்பதை நாள்தோறும் பீஸ் ரேட்டில் எண்ணிப் பார்க்கிறோம். ஒரு பிள்ளை தான் அளந்து, தான் அறுத்து, தான் துளைபோட்ட குழலைத் தன் வாயில் வைத்து ஊதும் அந்த நேரத்திலாவது அந்தக் கணக்கு மாறுகிறது.

மேலே சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள். விடுதியில், மாலை வகுப்பில், சங்க அலுவலகத்தில் செய்து பாருங்கள். எங்கள் அளவில் பிழை இருந்தால் திருத்தி, திருத்தியதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள். தோழர் அறுத்துக் கொடுத்த குழல்களில் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் வந்து, இஞ்ச் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

ஜெய்பீம்.