எபிசோடு 31: ரூலெட்ல ‘மணி மேனேஜ்மென்ட்’ காப்பாத்துமா?

இன்னிக்கு டாபிக் எங்க ஏரியா எடமலைப்பட்டி புதூர்ல, ஒரு டீக்கடையில ஆரம்பிச்சது. கூடப் படிச்ச நண்பன் போனை நீட்டி ஒரு எக்செல் ஷீட் காட்டினான். “மச்சான், இதுல தோக்கவே முடியாதுடா. நீ கோட் மட்டும் எழுதிக் குடு.” ஆன்லைன் ரூலெட்டுக்கு அவன் போட்ட பெட்டிங் பிளான். அவனோட பைக் இ.எம்.ஐ. காசு ஏற்கெனவே அதுக்குள்ள போயிருச்சு.

பிளான் என்ன?

இதுக்குப் பேரு மார்ட்டிங்கேல். 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்லயே இருந்த பழைய ஐடியா. சிவப்புல 100 ரூபா கட்டணும். தோத்தா 200, மறுபடி தோத்தா 400. எப்ப ஜெயிச்சாலும் விட்டதெல்லாம் திரும்பி வந்து, மேல 100 ரூபா லாபம். கேக்க பக்காவா இருக்குல்ல?

இப்ப சக்கரத்தைப் பாப்போம். ஐரோப்பிய ரூலெட்ல 37 எண்: 18 சிவப்பு, 18 கருப்பு, ஒரு பச்சைப் பூஜ்ஜியம். சிவப்பு வர வாய்ப்பு 18/37, பாதியை விடக் கொஞ்சம் கம்மி. ஆனா ஜெயிச்சா கட்டின அளவு காசுதான் கூடக் கிடைக்கும். அந்தப் பூஜ்ஜியம்தான் கேசினோவோட சம்பளம். கட்டுற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியா 2 ரூபா 70 காசு அவங்களுக்கு. அமெரிக்கச் சக்கரத்துல இரட்டைப் பூஜ்ஜியமும் உண்டு. அங்க 5 ரூபா 26 காசு.

எங்க உடையுது?

ஆறு தடவை தொடர்ந்து தோத்தா மொத்தம் 6,300 ரூபா போயிரும். ஏழாவதுக்கு 6,400 வேணும். கையில இருக்காது, இருந்தாலும் டேபிள் லிமிட் விடாது. 100-ல தொடங்கி ஜெயிக்கிற வரைக்கும் ஒரு ரவுண்டுன்னு வெச்சுக்கோங்க. ஏறக்குறைய 55 ரவுண்டுக்கு ஒண்ணு இப்படி ஆறு தடவையும் தோத்து முடியும். 54 ரவுண்டுல 5,400 வருது, ஒரே ரவுண்டுல 6,300 போகுது. அதாவது பிளான் நஷ்டத்தைக் குறைக்கல; சேத்து வெச்சு ஒரே அடியா அடிக்குது.

“இத்தனை தடவை கருப்பு வந்துருச்சு, அடுத்தது சிவப்புதான்” அப்படின்னு தோணும். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்னிக்கு மான்டே கார்லோ கேசினோவில் தொடர்ந்து 26 தடவை கருப்பு விழுந்தது. சிவப்புல கட்டிக்கிட்டே இருந்தவங்க ஏராளமா இழந்தாங்க.

அப்ப ஒழுங்குன்னா என்ன?

எவ்வளவு பெட் கட்டணும்னு சொல்ல ஒரு நல்ல ஃபார்முலா இருக்கு. பெல் லேப்ஸ்ல இருந்த ஜான் கெல்லி 1956-ல வெளியிட்டது. ரூலெட் எண்களை அதுல போட்டா மைனஸ் 1/37 வருது. அர்த்தம்: எதுவுமே கட்டாதே.

கோவா ட்ரிப்ல கேசினோ உள்ள போறீங்கன்னா, சினிமா டிக்கெட் மாதிரி செலவுக் கணக்குல எழுதுங்க. ஒரு தொகையை ரொக்கமா எடுத்துட்டுப் போங்க, கார்டை ரூம்லயே விட்டுருங்க. தோத்தா பெட்டை ஏத்தாதீங்க. மணிக்கு 40 சுற்று, தலா 100 ரூபான்னா, சராசரிச் செலவு 108 ரூபா. அதே போன்ல மணிக்கு 200 சுற்று விளையாடினா 540. வேகம்தான் காசைத் தின்னுது.

ஆனா இங்க தமிழ்நாட்டுல ஆன்லைன் ரூலெட் சட்டப்படியே கிடையாது. 2022 சட்டப்படி விளையாடுறவருக்கே 3 மாசம் வரை சிறையோ, 5,000 ரூபா வரை அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். 2025-ல மத்திய அரசும் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களைத் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு. அதனால அந்த மாதிரி ஆப் காசைப் பிடிச்சு வெச்சா, யார்கிட்ட போய்க் கேப்பீங்க?

நண்பனுக்கு கோட் எழுதிக் குடுத்தேன், நிஜக் காசு இல்லாம ஓடுற மாதிரி. கொஞ்ச நேரம் லாபம் ஏறுச்சு, அப்புறம் ஒரே சரிவு. ரொம்ப நேரம் பேசாம இருந்தான். “அப்ப விட்டதை எப்படிடா எடுக்கிறது?”

“எடுக்க முடியாதுடா. அந்தக் கேள்விதான் உன்னை மறுபடி உள்ள இழுக்குது.”

உங்களுக்கும் அந்தக் கேள்வி ஓடிக்கிட்டே இருந்தா, 14416-க்குக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம். வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது மொத்தக் கடனையும் சொல்லிருங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்!