சிறகே குடை!

கைக்குழந்தையோடு வெயிலில் போகும்போது முந்தானையை இழுத்து அதன் தலையை மூடுகிறீர்கள் அல்லவா? நாரையும் அப்படித்தான்!

பழைய திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடியில் இருக்கும் ராயகிரியிலிருந்து தெற்கே நாங்குநேரிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கூந்தன்குளம் என்ற கிராமம். மழைக்காலம் முடிந்ததும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து, வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. இரண்டு முதல் ஐந்து முட்டைகள் இடும். சுமார் ஒரு மாதம் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு, ஒன்று சிறகை விரித்து நிழல் கொடுக்கும். மற்றது மீனுக்குப் போகும். அலகைத் திறந்தபடி தண்ணீரில் துழாவும்; மீன் பட்டதோ இல்லையோ, சட்டென்று மூடிக்கொள்ளும்!

குஞ்சுகள் பசித்தால் ஊரைக் கூட்டும். பெரிய நாரைகளுக்கோ குரலே இல்லை என்று சொல்லலாம். அலகைத் தட்டித்தான் பேச்செல்லாம்.

கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழுந்துவிட்டால்? ஊர் ஜனங்களே எடுத்து, மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடியையும் தவிர்க்கிறார்கள். 1994-ல் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே இந்த உறவு. பதிலுக்கு, எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமாகிறது.

ஆனால் குளம் வறண்ட வருஷத்தில் நாரைகள் கூடு கட்டுவதில்லை. குளத்தை நாம் காப்பாற்றினால் போதும்; குஞ்சுகளுக்குக் குடை பிடிக்க அவற்றுக்குத் தெரியும்.