சேலைன் துளிக் கணக்கு

ஆசுப்பத்திரியில் 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றும்படி வைத்தியர் எழுதுகிறார் என வைப்போம். 4 மணித்தியாலம் 240 நிமிடம். பெரியவர்களுக்குப் பாவிக்கும் குழாய்கள் பலவற்றில் 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலீற்றர். மொத்தம் 10,000 துளி; 240ஆல் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42. தாதி மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுவது இதைத்தான். குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாயில் 60 துளிதான் 1 மில்லிலீற்றர்; அதன் கணக்கு வேறு.

தங்கியுள்ள இடத்தில் மற்றப் பிள்ளைகளைத் தனியே விட்டு வந்த தாய், "கெதியாய் முடியட்டும்" என்று குழாயின் சில்லைத் திருப்பிவிடுவதுண்டு. அவசரம் விளங்குகிறது. ஆனால் மடையை முழுதாய்த் திறந்தால் வரம்பு உடையும் என்பது கமக்காரருக்குத் தெரியும். மிகையான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். குழந்தைகளும் முதியோரும் இறக்கவும்கூடும். சில்லில் கை வைக்காதீர்கள். துளி நின்றாலோ, ஊசி ஏற்றிய இடம் வீங்கினாலோ, நோயாளிக்கு மூச்சு வாங்கினாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.