எச்டிடிபி வெள்ளத் தாக்குதல் தடுப்பு அமைவு

எச்டிடிபி வெள்ளத் தாக்குதல் என்பது ஒரு வலைத்தளத்துக்கு அளவுக்கு மீறிய வலைக் கோரிக்கைகளை அனுப்பி, அதன் வழங்கியை முடக்கும் தாக்குதல் ஆகும். இது பெரும்பாலும் பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் தொடுக்கப்படுகிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கோரிக்கையும் முறையானதாகவே தோன்றும் என்பதால், வழக்கமான பிணையத் தீயரணால் இதைப் பிரித்தறிவது கடினம். அமேசான் வெப் சர்வீசஸ் என்னும் மேகக் கணிமைச் சேவையில் இதற்கான தடுப்பு எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தாக்குதலின் தன்மை

உள்நுழைவு, தேடல் போன்ற பக்கங்களே முதன்மை இலக்கு. ஒரு தேடல் கோரிக்கையை அனுப்புவது எளிது. ஆனால் அதற்கு விடையளிக்க வழங்கி தரவுத்தளத்தை அலச வேண்டும். தானாக விரிவடையும் மேக அமைப்பில் தளம் முடங்காமல் தப்பினாலும், கட்டணம் பன்மடங்கு உயரக்கூடும்.

2023 அக்டோபரில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட 'ரேப்பிட் ரீசெட்' தாக்குதல், எச்டிடிபி/2 நெறிமுறையில் கோரிக்கையை அனுப்பி உடனே நீக்கும் வசதியைத் தவறாகப் பயன்படுத்தியது. கூகுள் எதிர்கொண்ட இத்தாக்குதல் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகளை எட்டியது.

பாதுகாப்பு அடுக்குகள்

'ஷீல்டு ஸ்டாண்டர்டு' கட்டணமின்றி எல்லாப் பயனர்களுக்கும் கிடைக்கிறது. இது பிணைய அடுக்கு, போக்குவரத்து அடுக்கு ஆகியவற்றில் வரும் பொதுவான தாக்குதல்களைத் தடுக்கிறது. எச்டிடிபி வெள்ளத்துக்கு 'வாஃப்' எனப்படும் வலைச் செயலித் தீயரண் தேவை. இதன் விதித் தொகுப்பை கிளவுட்ஃபிரண்ட், சுமை பகிர்வி, ஏபிஐ கேட்வே ஆகியவற்றுடன் இணைக்கலாம்.

வீத வரம்பு விதி

ஒரு ஐபி முகவரியிலிருந்து குறித்த கால அளவில் எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பதை இவ்விதி கணக்கிடுகிறது. கால அளவாக 1, 2, 5 அல்லது 10 நிமிடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். இயல்நிலை 5 நிமிடம். வரம்பு மீறப்பட்டால், வீதம் குறையும் வரை அம்முகவரி தடுக்கப்படும். தடுக்கப்பட்டவருக்கு இயல்பாக 403 என்ற விடைக்குறியீடு செல்லும். அதை 429 என மாற்றிக்கொள்ளலாம்.

வரம்பைத் தீர்மானித்தல்

இதுவே மிகக் கவனம் தேவைப்படும் படி. ஒரு பக்கத்தைத் திறக்கப் படங்கள், நிரல்கள் உட்பட 40 கோரிக்கைகள் தேவை எனக் கொள்வோம். 5 நிமிடத்தில் 10 பக்கம் பார்க்கும் ஒருவர் 400 கோரிக்கைகள் அனுப்புவார். ஒரே ஐபி முகவரியைப் பகிரும் கல்லூரி ஒன்றிலிருந்து 50 மாணவர்கள் வந்தால் அது 20,000 ஆகும். வரம்பு 2,000 என்றிருந்தால், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் அம்மாணவர்கள் அனைவருமே தாக்குதலாளர்களாகக் கருதப்பட்டுத் தடுக்கப்படுவர். இதைத் தவிர்க்கப் பின்வரும் வழிகள் உள்ளன:

1. விதியை முதலில் 'எண்ணுதல்' நிலையில் மட்டும் இயக்கி, யாரையும் தடுக்காமல் சில நாட்கள் பதிவேடுகளைக் கவனித்தல்.
2. படங்களை விட்டுவிட்டு, உள்நுழைவு, தேடல் போன்ற பாதைகளை மட்டும் எண்ணுமாறு விதியின் எல்லையைச் சுருக்குதல்.
3. உச்ச நேரப் பயன்பாட்டுக்குச் சற்று மேலாக வரம்பை வைத்த பின்னரே 'தடுத்தல்' நிலைக்கு மாற்றுதல்.
4. உடனே தடுப்பதற்குப் பதிலாக, உலாவியைச் சோதிக்கும் 'சேலஞ்ச்' அல்லது 'கேப்ட்சா' செயலைப் பயன்படுத்துதல்.

வரையறைகள்

ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து வரும் தாக்குதலில் ஒவ்வொரு முகவரியும் வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். அப்போது வீத வரம்பு மட்டும் போதாது. தீய முகவரிப் பட்டியல்களும் உலாவிச் சோதனையும் உடன் தேவை. மேலும், இவ்விதி துல்லியமான எண்ணிக்கைக்கானது அன்று. மீறலைக் கண்டறியச் சில நொடிகள் பிடிக்கும்.

மூல வழங்கியின் முகவரி வெளியே தெரிந்தால், தாக்குதலாளர் கிளவுட்ஃபிரண்டைத் தவிர்த்து நேரடியாக அதை அணுகலாம். எனவே கிளவுட்ஃபிரண்டிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் மூல வழங்கி ஏற்குமாறு அமைப்பது இத்தடுப்பின் இன்றியமையாத பகுதியாகும்.