டிரைவர் இல்லாத டாக்ஸியில் பிள்ளை

டிரைவரே இல்லாத டாக்ஸியில் உங்கள் பிள்ளையைத் தனியாக டியூஷனுக்கு அனுப்புவீங்களா? அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்துப் பெற்றோர் அனுப்பலாம்! நம்ம சுந்தர் பிச்சை தலைமை வகிக்கும் ஆல்ஃபபெட்டின் வேமோ நிறுவனம், 2025-இல் அதற்கு வழி செய்தது. 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். வண்டி எங்கே போகிறது என்று அம்மா வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால், அங்கேயும் பெரியவர் ஒருவர் கூடவே போகணும். நியாயம்தானே? நம்ம திருநின்றவூர் ஸ்கூல் ஆட்டோ அண்ணனையே பாருங்க. எல்.கே.ஜி. குட்டியைத் தூக்கி உட்கார வைப்பார், பையை வாங்கி மாட்டுவார், பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழையும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். எந்த கேமராவும் சென்சாரும் அதைச் செய்யாது.

தமிழ்நாட்டில் 2012-இல் வந்த விதிகளும், பள்ளிப் பேருந்தில் டிரைவர் மட்டும் போதாது, பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளரும் வேண்டும் என்கின்றன. உங்கள் பிள்ளை போகும் பஸ்ஸில் அவர் இருக்கிறாரா? நாளைக் காலையில் ஒரு எட்டு பார்த்துவிடுங்க!