நூல் கட்டுபவரும் ஊசி போடுபவரும்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தனர். மன்னாரில் சொந்த வயலில் நெல் விதைத்தவர்கள், கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்கு நின்றார்கள். காணியையும் மாட்டையும் கொண்டுவர முடியவில்லை. ஆனால் கைமருந்தும் ஓதிப்பார்த்தலும் அவர்களோடு வந்தன. இங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களிடமும் அவை இருந்தன.

பணியின் நிமித்தம் நாம் இப்பகுதியிலுள்ள ஒரு கத்தோலிக்க மீனவக் குடும்பத்தாருடன் சில மாதங்கள் தங்கியிருந்தோம். வீட்டிலொரு குழந்தை இரவில் திடுக்கிட்டு அழத் தொடங்கியது. பாட்டி உப்பையும் செத்தல் மிளகாயையும் சுற்றி அடுப்பிற் போட்டார். நெடி வரவில்லை, ஆகவே கண்ணூறு என்றார். தலவில புனித அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். மறுநாட் காலை பக்கத்துக் கிராமத்து லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். நாம் விசாரித்தபோது, “எல்லாம் புள்ளைக்குத்தானே சுவாமி” என்று சிரித்தார்.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. எனினும் குழந்தைக்காக ஒரு வீடே விழித்திருப்பதும், வேறு மதத்தவரின் வாசலிற் கூச்சமின்றி நிற்பதும் நல்லவையே. கொப்புளிப்பான் கண்ட வீட்டில் வேப்பிலை செருகினால் அயலவர் உள்ளே வருவதில்லை. தொற்று பரவாமலிருக்க அதுவும் உதவுகிறது.

எங்கே ஆபத்து?

ஆபத்து நம்பிக்கையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. பாம்புக்கடியில் இதைத் தெளிவாகக் காணலாம்.

கடிக்கும் பாம்புகளிற் பல விஷமற்றவை. விஷப்பாம்புங்கூடச் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடித்துவிடும். அத்தகையவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைப்பார்கள். மந்திரத்தாற் பிழைத்தார் என்று ஊர் சொல்லும். விஷம் ஏறியவருக்கு மந்திரம் போதாது.

மணற்பாங்கான இடங்களில் வாழும் சுருட்டை சிறியது. சுருண்டு கிடந்து, செதில்களை உரசிக் கரகரவென ஒலியெழுப்பும். இதன் விஷமும் கண்ணாடி விரியனின் விஷமும் இரத்தத்தை உறையவிடாமற் செய்யும். கண்டங்கருவளையோ இரவில், நிலத்திற் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகமிராது. விடியும்போது வயிற்றுவலி வரும், கண்ணிமை தொங்கும், பின்பு மூச்சு முட்டும். கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த உங்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல.

ஒரு பெரியவர் செய்தது

நாம் அங்கிருந்த காலத்தில், தோட்டத்தில் மாலை வேளை தண்ணீர் பாய்ச்சிய ஒரு தொழிலாளியின் காலில் பாம்பு கடித்தது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயி அவர். உடனிருந்தவர்கள் அவரைப் பார்வை பார்க்கும் ஒரு பெரியவரிடம் தூக்கிச் சென்றார்கள். பெரியவர் ஓதினார், மணிக்கட்டில் நூல் கட்டினார், சில நிமிடங்களில் முடித்துவிட்டார். பிறகு முச்சக்கர வண்டியைத் தாமே கூப்பிட்டு, “என்ட வேலை முடிஞ்சிட்டு. ஊசி போடுறது அவங்கட வேலை. நிக்காமப் போங்க” என்றார். நோயாளி அச்சம் நீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார், குணமடைந்து திரும்பினார். நூல் இன்னும் கையில் இருந்தது.

நாம் கற்க வேண்டியது இதுவே. இத்தகைய பெரியவர்களைப் பகைத்தால் மக்கள் ஆஸ்பத்திரியை விட்டு விலகுவார்கள். அவர்களைத் துணையாக்கினால் உயிர்கள் பிழைக்கும்.

செய்ய வேண்டியவை

• கடித்த இடத்தை வெட்டவோ, உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கவோ, விஷக்கல் வைக்கவோ வேண்டாம்.
• மோதிரம், காப்பு, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றுங்கள்.
• கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட அவயவத்தை அசையாமல் வைத்துத் தூக்கிச் செல்லுங்கள்.
• பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.
• அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. நீங்கள் மறக்க முடியாத ஆண்டே அந்த இலக்கமும்.
• படுக்கும்போது நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகுங்கள். எலியைத் தேடிப் பாம்பு வருமாதலால் தானியத்தைப் படுக்கையருகே வைக்காதீர்கள். இருளில் டோர்ச் இன்றி நடவாதீர்கள்.

வைத்தியரைக் கனம்பண்ணும்படி சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. நோய்க்கு மருத்துவம் தேடும்படி நபிகள் நாயகமும் கூறியுள்ளார். செபமும் ஓதுதலும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடக்கட்டும்.

அடுத்த கிராமக் கூட்டத்திற்கு உங்கள் ஊரில் நூல் கட்டுபவரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் ஒன்றாக அழையுங்கள். இரவில் ஒருவரைப் பாம்பு கடித்தால் யார் வண்டி தருவார், யார் உடன் போவார் என்று அன்றே பேசி முடிவு செய்யுங்கள்.